ஒரு மரத்துக்கு 75 லிட்டர்: நீர்ப்பைகள் தீர்க்கும் சிக்கலும் தீர்க்காததும்

நட்ட கன்றுக்கு எப்படித் தண்ணீர் விடுவது என்ற கேள்விக்கு எழுத்தில் பதிவான விடைகளே இரண்டாயிரம் ஆண்டுகள் பழையவை. கி.மு. முதல் நூற்றாண்டில், சீனாவின் ஹான் அரசர்கள் காலத்தில், ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூல் ஒரு வழி சொல்கிறது. மெருகிடாத சுடுமண் பானையை வாய் மட்டும் வெளியே தெரியப் புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் கொடிகளை வளர்க்க வேண்டும். பானைச் சுவர் கசிவதே பாசனம். கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் வேறு பக்கம் போகிறார். பிருகத் சம்ஹிதையின் மரவளர்ப்பு அத்தியாயத்தில் நீர் விடுவதைக் காலக்கணக்காகவே அவர் பேசுகிறார்: நட்ட மரத்துக்குக் கோடையில் காலையும் மாலையும், குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மழைக்காலத்தில் மண் காய்ந்திருந்தால் மட்டும்.

ஒருவர் நம்புவது பாத்திரத்தை. மற்றவர் நம்புவது அன்றாடம் வந்து பார்க்கும் ஆளை. பின்னால் வந்த முறைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்கின்றன. அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களின் தெருவோர மரங்களில் இன்று பச்சைச் சட்டை மாட்டியதுபோல் தெரியும் நீர்ப்பை, பாத்திரக் கட்சியின் அண்மை வாரிசு. இந்தியாவிலும் இணையக் கடைகளில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. நகராட்சிகளும் மரம் நடும் அமைப்புகளும் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கும்முன், அது எந்தச் சிக்கலுக்காகச் செய்யப்பட்டது, அந்தச் சிக்கல் நமக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பையின் உடலமைப்பு

பரவலாக அறியப்பட்ட நீர்ப்பை, அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து வரும் ‘ட்ரீகேட்டர்’. மற்ற நிறுவனங்களின் பைகளும் ஏறத்தாழ இதே வடிவம்தான். கனமான பாலித்தீன் துணியில் தைத்த, கீழே அகன்று மேலே குறுகும் ஒரு சட்டை. மரத்தண்டைச் சுற்றி ஜிப்பால் மூடிக்கொள்ளும். ஒரு பையின் கொள்ளளவு 20 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 75 லிட்டர். தண்டு 1 முதல் 4 அங்குலம் வரை தடித்த மரத்துக்கு ஒரு பை. அதைவிடப் பெரிய மரத்துக்கு இரண்டு பைகளை ஜிப்பால் இணைத்துக்கொள்ளலாம். அடியில் ஊசித்துளை அளவில் சொட்டும் புள்ளிகள். நிரம்பிய பை காலியாக 5 முதல் 9 மணி நேரம் ஆகும் என்பது தயாரிப்பாளர் கணக்கு.

நிரப்புவதிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. முதலில் கால்வாசி மட்டும் நீர் விட்டு, மேல்பக்கப் பட்டைகளைப் பிடித்து மெல்லத் தூக்க வேண்டும். மடிப்பு பிரிந்து பை விரிந்து நிற்கும். அடித்துளைகள் சொட்டுகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் குழாயைச் சொருகிவிட்டுப் போனால், ஒருபக்கம் சரிந்த பை பாதி நீரைக் கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். நீர்மட்டம் உயரமாக இருக்கையில் வேகமாகவும், குறையக் குறைய மெதுவாகவும் சொட்டும். சீரான ஓட்டம் என்று விளம்பரங்கள் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தண்டைச் சுற்ற வழியில்லாத, தாழ்ந்து கிளைக்கும் மரங்களுக்கும் புதர்களுக்கும் மோதிர வடிவப் பை தனியாக உண்டு. அது தரையில் படுத்திருக்கும். அதன் கொள்ளளவு குறைவு.

கொட்டிய நீர் எங்கே போகிறது?

பைக்கு ஆதரவான முதன்மை வாதம் மண்ணியல் சார்ந்தது, வலுவானதும் அதுவே. மண் நீரை உறிஞ்சும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. பாசனப் பாடநூல்கள் தரும் கணக்கில், நன்கு நனைந்த களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர், வண்டல் 10 முதல் 20, மணல் 30-க்கு மேல் உள்வாங்கும். தண்ணீர் லாரியின் குழாய் இரண்டு மூன்று நிமிடங்களில் 75 லிட்டரைக் கொட்டிவிடும். இறுகிப்போன நடைபாதை மண்ணில் அதில் பெரும்பகுதி சாலையில் ஓடும். அதே 75 லிட்டர் 5 முதல் 9 மணி நேரம் சொட்டினால், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மணிக்கு 8 முதல் 15 மில்லிமீட்டர் என்று கணக்கு வரும். வண்டலுக்கு இது தோதான வேகம்.

களிமண்ணுக்கு அப்படியில்லை, பையின் வேகமும் அதற்கு அதிகம்தான். நீர் பக்கவாட்டில் பரவும் அல்லது தேங்கும். வெடித்துக் காய்ந்த கரிசலில் நிலைமை இன்னும் விசித்திரம். முதல் நீர் வெடிப்புகள் வழியே வேரைத் தொடாமல் அடியாழத்துக்கு இறங்கிவிடும். மண் ஊதி வெடிப்புகள் மூடிக்கொண்டபின் மேலே விடுவது உள்ளே போகாது. மணலில் நேர் எதிர்: எந்த வேகத்தில் விட்டாலும் நீர் கீழேதான் போகும், பக்கவாட்டில் விரியாது. ஆக, மெதுவாகச் சொட்டுவதன் முழுப்பயன் இடைப்பட்ட மண்வகைகளிலும், இறுகிய மேற்பரப்பிலும், சரிவான இடத்திலும்தான்.

இந்த இடத்தில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் விட்டத்தில், நான்கு அங்குல வரப்புடன் கன்றைச் சுற்றி ஒரு வட்டப்பாத்தி கட்டினால் அது ஏறத்தாழ 80 லிட்டர் நீரைப் பிடிக்கும். அதாவது ஒரு பை. பாத்தியில் நின்ற நீரும் மண்ணின் வேகத்துக்கே இறங்கும், ஓடிப்போகாது. ஆவியாவதைத் தடுக்கிறது என்று பைக்குச் சொல்லப்படும் சிறப்பும் பெரிதாக நிற்கவில்லை. தமிழகக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்குச் சுமார் 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், பாத்தி நீர் ஒரு பகல் முழுக்க நின்றாலும் இழப்பு ஐந்தாறு லிட்டர்தான். காய்ந்த இலைதழை மூடாக்குப் போட்டால் அதுவும் குறையும்.

தென்னந்தோப்புக்காரர்கள் தலைமுறைகளாகச் செய்துவருவது இதைத்தான். பாத்தி கட்ட இடமிருக்கும் ஒருவருக்கு நீர்ப்பை புதிதாக எதையும் தருவதில்லை என்றே தோன்றுகிறது. பாத்தி கட்ட இடமில்லாதபோதுதான் பை பொருள்படுகிறது: சிமென்ட் நடைபாதையில் வெட்டிய இரண்டடிச் சதுரக் குழி, மேம்பாலச் சரிவு, சாலை நடுத்திட்டு. இதிலும் ஒரு முரண் இருக்கிறது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குக் காங்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அப்படி அகற்றிய இடத்தில் பாத்தி கட்டலாம். காங்கிரீட்டை வைத்துக்கொண்டே அதற்குமேல் பையை மாட்டுவது, அடைத்த வழியைத் திறக்காமல் சுற்றிப்போகும் ஏற்பாடு.

அளவா, தடவையா?

வாரம் ஒருமுறை ஆழமாக நனை; அடிக்கடி மேலோட்டமாக நனைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும் என்பது தோட்டக்கலைக் கையேடுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி. நீர்ப்பையின் 75 லிட்டர், வாரம் ஒரு நிரப்பல் என்ற திட்டம் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. நிலைத்துவிட்ட மரத்துக்கு விதி பொருந்தும். இப்போதுதான் நட்ட மரத்துக்குப் பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களிடையே கடுமையான ஐயம் உண்டு.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு கில்மன் பல ஆண்டுகள் நடத்திய நடவுச் சோதனைகளின் சாரம், அளவைவிடத் தடவை முக்கியம் என்பது. அவருடைய பரிந்துரைப்படி 2 அங்குலத் தண்டுள்ள மரத்துக்கு ஒருமுறைக்குச் சுமார் 15 முதல் 25 லிட்டர் போதும். ஆனால் முதல் இரண்டு வாரம் தினமும், அடுத்த இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை விட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லிட்டர் என்றால் வாரத்துக்கு 70 லிட்டர். மொத்த அளவில் பையின் கணக்கும் இதுவும் ஒன்றுதான். வேறுபாடு பங்கிடுவதில்.

பங்கீடு ஏன் இவ்வளவு முக்கியம்? நாற்றங்காலிலிருந்து வரும் மரத்தின் வேர்கள் முழுவதும் அதன் மண்கட்டிக்குள்ளேயே இருக்கின்றன. வெளிமண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் முதல் சில வாரங்களுக்கு அதை எட்டிக் குடிக்க வேர் கிடையாது. மண்கட்டியோ சிறியது, அதன் கலவை பெரும்பாலும் பொலபொலப்பானது. விட்ட நீரில் தன்னால் பிடிக்க முடிந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை வெளியே விட்டுவிடும். பிடித்ததையும் இலைகள் இரண்டு மூன்று நாளில் இழுத்துவிடும். 75 லிட்டரை ஒரே நாளில் விட்டால் மிச்சமிருக்கும் நாலைந்து நாள் மரம் பட்டினி. சுற்றியுள்ள மண்ணோ ஈரம். தோண்டிப் பார்க்கிறவர் விரல் வெளிமண்ணில் பட்டு ஈரம் என்று சொல்லிவிட்டுப் போவார். சோதிக்க வேண்டியது மண்கட்டியை.

வேர் வெளிமண்ணில் பரவி மரம் நிலைகொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்பது தட்பவெப்பத்தைப் பொறுத்தது. சிகாகோ அருகே மார்ட்டன் மரப்பூங்காவில் ஆய்வு செய்த கேரி வாட்சன், தண்டின் ஒவ்வோர் அங்குலத் தடிப்புக்கும் ஏறத்தாழ ஓராண்டு என்று மதிப்பிட்டார். ஃபுளோரிடாவில் அது சில மாதங்கள்தான். நான்கு அங்குல மரத்தை நட்டு உடனடி நிழல் தேடும் குளிர்நாட்டு நகரம் நான்காண்டு தண்ணீர்க் கடமையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. வெப்ப நாடுகளில் வேர் வேகமாக ஓடும் என்பதால் கடமைக் காலம் குறையலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஒருமுறை தவறினாலும் அடி பலமாக விழும்.

அப்படியானால் பை தவறா? வாரம் ஒருமுறை நிரப்புவது தவறாக இருக்கக்கூடும். பையே தவறென்று சொல்லிவிட முடியாது. முதல் மாதத்தில் வாரம் இருமுறை அரைப்பை நிரப்புகிறவருக்கு இந்த விமர்சனம் பாதிதான் பொருந்தும். ஆனால் பையை வாங்குவதே அடிக்கடி வராமல் இருக்கத்தான் என்னும்போது, வாரம் இருமுறை யார் வருவார்?

பானை, குழாய், பெட்டி, பசை

மெதுவாக நீர் தரும் மற்ற வழிகளும் ஒவ்வொன்றும் ஒரு குறையோடுதான் நிற்கின்றன.

பானைப் பாசனத்தை நவீன ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களில் கர்னால் நகரிலுள்ள மத்திய உவர்மண் ஆய்வு நிறுவனத்தின் ஆர்.சி. மண்டல் முக்கியமானவர். 1970-களில் அவர் செய்த வேலை பல வறண்ட நாடுகளின் கவனத்துக்குப் போனது. பானையின் தனிச்சிறப்பு அது தானே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது. சுற்று மண் காய்ந்தால் ஈரத்தை இழுக்கும், கசிவு கூடும். மழை பெய்தால் இழுவை குறைந்து கசிவும் தணியும். நீர்ப்பைக்கு இந்த அறிவு கிடையாது, மழையிலும் சொட்டும். ஆனால் உப்புநீர் விடும் இடங்களில் பானைச் சுவரின் நுண்துளைகள் நாளடைவில் அடைந்துபோகும். வாயை மூடி வைக்காவிட்டால் கொசு வளரும். எல்லாவற்றையும்விட, நெருப்பில் எவ்வளவு வெந்தது என்பதைப் பொறுத்துக் கசிவு மாறும்: அளவுக்கு மேல் வெந்த பானை அரிதாகவே கசியும், வேகாதது உடைந்துவிடும். ஆயிரம் பானைகளை ஒரே தரத்தில் வாங்குவது இன்று எளிதல்ல.

செங்குத்தாகப் புதைத்த குழாய் அல்லது மூங்கில் வழியே வேருக்கு நேராக நீர் விடுவது அடுத்த முறை. கலிஃபோர்னியப் பாலைநிலங்களில் டேவிட் பெயின்பிரிட்ஜ் இதையும் பானையையும் விரிவாகச் சோதித்துப் பரிந்துரைத்தார். நம் ஊரில் பிவிசி குழாய்த் துண்டைக் கன்றருகே சொருகும் வழக்கம் தோட்டக்காரர்களிடம் உண்டு. ஆவியாதல் இல்லை, களை இல்லை, செலவும் சொற்பம். சிறு கன்றின் மண்கட்டிக்கும் கீழே குழாயை இறக்கிவிட்டால் மட்டும் நீர் வேரைத் தாண்டிப் போய்விடும்.

நெதர்லாந்தின் பீட்டர் ஹாஃப் வடிவமைத்த ‘வாட்டர்பாக்ஸ்’ மழையையும் பனியையும் சேமித்துத் திரி வழியே நாளுக்குச் சில பத்து மில்லிலிட்டர் மட்டும் தரும் பெட்டி. ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழ் 2010-இல் அதைச் சிறந்த பசுமைக் கண்டுபிடிப்பாகத் தேர்ந்தெடுத்தது. பாலைநிலக் கன்றை உயிரோடு வைப்பது அதன் நோக்கம். நிழல் வேண்டும் தெருமரத்தை வேகமாக வளர்ப்பது அல்ல.

நீர்ப்பசை பற்றிய நம்பிக்கை இந்தியாவில் பெரிது. தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பூசா ஹைட்ரோஜெல்’ தன் எடையைப்போல் 350 மடங்கு தூய நீரை உறிஞ்சும் என்பார்கள். தூய நீர் என்ற சொல்தான் அங்கே முக்கியம். கால்சியமும் உப்பும் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் எந்தப் பசையின் திறனும் வெகுவாகக் குறையும். தவிர, பசை நீரைப் பிடித்துவைக்குமே ஒழியக் கொண்டுவராது.

சொட்டுநீர்ப் பாசனத்தை இந்த வரிசையில் சேர்ப்பதா என்பதே கேள்வி. அதன் கதை ஒரு மரத்தில்தான் தொடங்கியது. 1930-களில் பாலஸ்தீனத்தில் நீர்ப்பொறியாளர் சிம்கா பிளாஸ், கசியும் குழாய் இணைப்பு அருகே ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்திருப்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்த நுட்பத்தை விற்பனைக்குக் கொண்டுவர 1965-இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணை) நெட்டாஃபிம் நிறுவனம் பிறந்தது. தினமும் சிறிதளவு என்ற கில்மனின் கோரிக்கையை முழுமையாக நிறைவேற்றும் ஒரே முறை இதுதான். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் முழு மானியமும் உண்டு என்பதால் தோப்பு வைப்பவருக்குத் தடையில்லை. தெருவோர மரத்துக்குத்தான் குழாய் போட முடியவில்லை: அழுத்தத்துடன் நீர் இல்லை, சாலை தோண்டும்போது குழாய் தப்புவதில்லை.

தண்ணீரே வேண்டாம் என்போர்

மேலே சொன்ன எல்லோரும் நீரைக் கொடுத்தாக வேண்டும் என்பதை ஏற்றவர்கள். அதையே மறுக்கும் ஒரு தரப்பும் உண்டு. இராஜஸ்தானின் சிகார் மாவட்ட விவசாயி சுந்தாராம் வர்மா, ஒரு மரத்துக்கு அதன் ஆயுளில் ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் என்ற முறையை வளர்த்தெடுத்து 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். முதல் மழைக்குப் பின் ஓர் உழவு, பருவமழை முடியும் தறுவாயில் ஆழமாக இன்னோர் உழவு. களை சாகிறது, மேல்மண்ணின் நுண்குழல் தொடர்பு அறுந்து அடிமண் ஈரம் மேலேறி ஆவியாவதும் நிற்கிறது. பிறகு ஆழக் குழியில் கன்றை வைத்து ஒரு லிட்டர் விட்டால் வேர் தானே ஈரத்தைத் தேடி இறங்கும் என்பது அவர் கூற்று. நம் புழுதி உழவின் தர்க்கமும் இதுவே.

கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்கா வேறொரு வகை. ஹுலிகல், குதூர் ஊர்களுக்கிடையே சாலையோரம் அவரும் கணவரும் வளர்த்த 380-க்கும் மேற்பட்ட ஆலமரங்களைப் பற்றிப் பேசுகையில், குடம் சுமந்ததே நினைவுகூரப்படுகிறது. மழை தொடங்கும் நேரம் பார்த்தே அவர்கள் நட்டார்கள் என்பது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. பெரும்பங்கு நீரை வானம் தந்தது. குடம் இடைவெளியை நிரப்பியது.

இத்தரப்பின் வலு, நடும் நாளைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாசனம் என்று காட்டியது. பலவீனம், அது நிலத்தை எதிர்பார்க்கிறது. உழுவதற்கு நிலமும் ஈரம் தேங்க ஆழமான மண்ணும் வேண்டும். கட்டட இடிபாடு நிரப்பிய நடைபாதைக் குழியில் அடிமண் ஈரம் என்று ஒன்று இருப்பதில்லை. சிகாரின் பருவமும் நம்முடையதல்ல. தமிழ்நாட்டின் மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. ஐப்பசியில் நட்ட கன்று இரண்டு மாத ஈரத்தோடு மாசி வெயிலைச் சந்திக்கிறது. அங்கிருந்து ஆடி வரை உயிர்த்தண்ணீர் இல்லாமல் தாண்டுவது வேம்புக்கும் கருவேலுக்கும் இயலலாம். மகிழத்துக்கும் மந்தாரைக்கும் ஐயம்தான்.

பையின் மேலுள்ள புகார்கள்

மரப் பராமரிப்பாளர்கள் முன்வைக்கும் புகார்களில் முதலாவது தண்டைப் பற்றியது. பட்டை காற்றுபட்டு உலர்ந்திருக்க வேண்டிய உறுப்பு. மாதக்கணக்கில் ஈரப் பாலித்தீன் போர்த்தியிருந்தால் பூஞ்சை, பூச்சி, எலி ஆகியவற்றுக்கு அது மறைவிடமாகும். தண்டிலிருந்தே வேர் விடத் தொடங்கலாம். நம் பகுதிகளில் கறையானையும் இந்தப் பட்டியலில் சேர்த்து யோசிக்க வேண்டும். புகார் நியாயமானது; ஆனால் இது பெரும்பாலும் களத்தில் கண்டதன் அடிப்படையில் சொல்லப்படுவது, அளந்து நிறுவப்பட்டதல்ல. பை காலியானதும் கழற்றி, தண்டு உலர விட்டு மாட்டுவது தீர்வு என்பார்கள். நூற்றுக்கணக்கான பைகளை ஒவ்வொரு வாரமும் கழற்றி மாட்டும் ஊழியர் படை எந்த நகராட்சியில் இருக்கிறது?

இரண்டாவது புகார் கொஞ்சம் எதிர்பாராதது. நீர் இல்லாத பை குடைபோல் வேலை செய்யும்: லேசான மழை மண்கட்டியில் விழாமல் வழிந்து வெளியே போய்விடும். அதைவிடப் பெரிய கேடு, பை மாட்டியிருப்பதே நீர் விட்டாயிற்று என்ற எண்ணத்தைத் தருவது. கடந்துபோகும் குடியிருப்பாளர் காய்ந்த பாத்தியைக் கண்டால் ஒரு வாளி ஊற்றுவார். பச்சைப் பையைக் கண்டால் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நகர்ந்துவிடுவார்.

பாசியும் வண்டலும் துளைகளை அடைப்பது, வெயிலில் பாலித்தீன் நைவது, கத்தியால் கீறப்படுவது ஆகியவை சாதாரணப் பழுதுகள். கொசு பற்றிய அச்சம், ஒழுங்காக வடியும் பையைப் பொறுத்தவரை மிகை. சில மணி நேரத்தில் காலியாகும் நீரில் புழு வளர நேரமில்லை. துளை அடைந்து நீர் தங்கிய பை வேறு சங்கதி, டெங்கு பரவும் ஊரில் அது ஏடிஸ் கொசுவுக்குக் கொடுத்த வாடகையில்லா வீடு.

மறுபக்கம், பை தரும் ஒரு பயனை எதிர்ப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு இளந்தண்டின் பட்டையை வட்டமாக உரித்துவிடுவது மேலைநாட்டு நகர மரங்களின் பெரிய எமன். பை அதற்குக் கவசம். நம் ஊரில் அந்த வேலையை ஆட்டுக்கெதிராகக் கூண்டு செய்கிறது. குறளின் உழவு அதிகாரம் காவலை நீருக்கும் மேலாக வைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நியூயார்க், பெர்லின்

நீர்தரும் கருவியைவிட்டு நீர்தரும் மனிதரைப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. நியூயார்க்கில் புதிதாக நட்ட 13,000-க்கும் மேற்பட்ட தெருமரங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான அறிக்கை, ஏறத்தாழ முக்கால் பங்கு மரங்கள் உயிரோடிருந்ததாகக் காட்டியது. பிழைப்போடு தொடர்புடையவையாகத் தெரிந்தவற்றில் மரத்தை யாராவது கவனிப்பதற்கான அடையாளங்களும் இருந்தன: பூச்செடி வைத்திருப்பது, பெயர்ப்பலகை, கொத்திவிட்ட மண். இது காரணத்தை நிறுவவில்லை. கவனிப்பவர்கள் வாழும் தெருவில் மற்ற வசதிகளும் இருந்திருக்கலாம்.

பெர்லின் இதை ஒரு திட்டமாகவே ஆக்கியது. 2018, 2019 கோடைகளின் வறட்சிக்குப்பின், அந்நகரின் ‘சிட்டிலேப்’ 2020-இல் ஒரு செயலியை வெளியிட்டது. நகரின் தெருமரங்கள் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். அண்மையில் எவ்வளவு மழை பெய்தது, யார் எத்தனை லிட்டர் விட்டார், பக்கத்தில் அடிகுழாய் எங்கே என்றெல்லாம் பார்க்கலாம். போர்க்கால அவசரத்துக்காக வைத்த 2,000-க்கும் மேற்பட்ட தெருவோர அடிகுழாய்கள் அந்நகரில் இன்றும் உண்டு. அவை மரத்துக்கு நீர் தரும் வேலைக்கு வந்தன. வராகமிகிரரின் பக்கம், கைபேசியோடு.

பையையும் இந்த ஏற்பாட்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. ஜெர்மன் நகரங்களில் இரண்டும் அருகருகே நடக்கின்றன. ஆனால் எதற்குப் பணம் ஒதுக்குவது என்ற கேள்வி வரும்போது இரண்டும் வேறு வேறு பதில்கள்.

தமிழ்நாட்டில் இது பொருந்துமா?

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. அந்த இலக்கு கோடிக்கணக்கான கன்றுகளைக் கேட்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிளாஸ்டிக் பையில் வளர்த்த, விரல் தடிமன் தண்டுகொண்ட, இடுப்பளவுகூட வராத கன்றுகள். இங்கே நீர்ப்பை முதல் அடியிலேயே தடுக்குகிறது: அது ஓர் அங்குலத்துக்கு மேல் தடித்த தண்டைச் சுற்றி நிற்கச் செய்த பொருள். நம் கன்றுமேல் மாட்டினால் பை நிற்காது. நின்றால் கன்று தாங்காது. 75 லிட்டரும் அதற்குத் தேவையில்லை. சிறு கன்றுக்கு வட்டப்பாத்தியும் மூடாக்கும், இடமில்லாத இடத்தில் குழாய்த் துண்டோ துளையிட்ட பாட்டிலோ போதுமானவை. பாட்டில் வெயிலில் நொறுங்கித் தெருவில் குப்பையாகும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பைக்கு இங்கே இடமுள்ள சூழல் இரண்டு தெரிகின்றன. சாலை விரிவாக்கத்துக்காகவோ மெட்ரோ பணிக்காகவோ வேரோடு பெயர்த்து மறுநடவு செய்யப்படும் மரங்கள் ஒன்று. வேரில் பெரும்பகுதியை இழந்து நிற்கும் அவற்றுக்கு முதல் சில மாதம் இடைவிடாத ஈரம் தேவை. இரட்டைப் பையோ தரைமோதிரப் பையோ அங்கே உதவலாம். ஆறேழு அடி வளர்ந்த கன்றுகளை நடும் நெடுஞ்சாலை நடுத்திட்டும் அடுக்குமாடி வளாகமும் மற்றொன்று. அப்போதும் தண்ணீரின் கணக்கு மாறாது. ஆயிரம் மரத்துக்கு வாரம் 75 லிட்டர் என்றால் 75,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரி ஆறு நடைக்கு மேல் வர வேண்டும். பை மிச்சப்படுத்துவது லாரிக்காரர் ஒரு மரத்தடியில் நிற்கும் நேரத்தை. லாரி வராத வாரத்தில் அது வெறும் பாலித்தீன்.

முடியாத விவாதம்

பையையும் பாத்தியையும் ஒரே மண்ணில், ஒரே மர இனத்தில், ஒரே அளவு நீருடன் நேருக்கு நேர் வைத்து, பிழைத்த மரங்களை எண்ணிச் சொன்ன வெளியீடுகள் மிகக் குறைவு. இருப்பவை குளிர்நாடுகளுடையவை. வெப்பமண்டலத்தில் ஈரப் பை தண்டுக்கு என்ன செய்யும் என்பதும், அடிக்கடி சிறிதளவு என்ற ஃபுளோரிடாப் பாடம் நம் புங்கனுக்கும் பூவரசுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று மாறும் என்பதும் திறந்தே கிடக்கின்றன. பாலித்தீன் பை எத்தனை கோடை தாங்கும், தாங்காதபின் எங்கே போகும் என்பதையும் செலவுக் கணக்கில் இன்னும் யாரும் ஒழுங்காகச் சேர்க்கவில்லை.

இப்போதுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், பாத்தி கட்ட முடியாத இடத்தில், தண்டு தடித்த மரத்துக்கு, தவறாமல் நிரப்ப ஆள் உறுதியாக இருந்தால் நீர்ப்பை பயனுள்ள கருவி. இந்த மூன்றில் எது இல்லையென்றாலும் அதை வாங்கச் சொல்ல ஆதாரம் போதாது. மொத்தமாக வாங்க நினைக்கும் நகராட்சி, அதற்குமுன் ஒரே தெருவில் பாதி மரத்துக்குப் பையும் பாதி மரத்துக்கு வட்டப்பாத்தியும் மூடாக்கும் வைத்து, இரண்டுக்கும் ஒரே லாரியில் ஒரே அளவு நீர் விட்டு, இரண்டு கோடை கழித்து எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்ணிக்கையை, தோற்றது எதுவானாலும், வெளியிடவும் வேண்டும்.